மஞ்சள் மலை திஸில்: இது கலப்பினமா?

வணக்கம் நண்பர்களே. ஆல்ப்ஸ் மலைக் காட்டில் பார்த்த திஸில் (முட்கள் கொண்ட ஒரு வகைக் காட்டுச்செடி) படங்களை இணைத்திருக்கிறேன். சுண்ணாம்புப் பாறைச் சரிவு, மரநிழல், ஈரமண். வெளிர் மஞ்சள் பூத்தலைகள் காம்பு வளைந்து தரையைப் பார்த்துத் தொங்குகின்றன. பூத்தலையின் அடியைச் சுற்றியுள்ள செதில்களைத் தொட்டால் விரலில் பசையாக ஒட்டுகிறது. இலைகள் ஆழமாகப் பிளந்தவை. முட்கள் அவ்வளவாகக் குத்துவதில்லை.

சிர்சியம் என்ற திஸில் பேரினத்தைச் சேர்ந்த சிர்சியம் எரிசித்தேலிஸ் என்றே நினைக்கிறேன். இதைப்போலவே தோன்றும் இன்னொரு திஸில் பேரினமான கார்டூவஸ் இல்லை, விதையின் உச்சியிலுள்ள முடியை லென்ஸில் பார்த்தேன், ஒவ்வொரு இழையும் இறகுபோல் கிளைத்திருந்தது. கார்டூவஸில் இழைகள் கிளைக்காது.

சிக்கல் கடைசிப் படத்தில்தான். அந்தச் செடியில் மட்டும் பூத்தலைகள் பாதி நிமிர்ந்து, வெளிர்பச்சை இலைகள் சூழ நிற்கின்றன. அது அதே பேரினத்தின் இன்னொரு இனமான சிர்சியம் ஒலரேசியத்தின் அடையாளமாயிற்றே! ஆனால் பசையும் இருக்கிறது. இந்த இரண்டு இனங்களும் எளிதில் கலக்கக்கூடியவை என்பதால் கலப்பினமோ என்று சந்தேகம்.

சிர்சியம் கலப்பினங்களைப் பார்த்துப் பழகியவர்கள் யாராவது உதவுங்களேன். எந்த அடையாளத்தை நம்பலாம்? மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, சுருங்கிய மணிகள் அதிகமிருந்தால் கலப்பினம் என்று முடிவுகட்டலாமா? செடியைப் பிடுங்க மனமில்லை, அப்படியே நிற்கட்டும். ஒரு பூவிலிருந்து கொஞ்சம் மகரந்தம் எடுத்தால் போதுமா, அப்புறம் எப்படிப் பாதுகாப்பது என்றும் சொல்லுங்கள்.