குளோரின் ஷெட்டுக்கு எஸ்கேப் செட்: 10 நிமிஷம்னா உண்மையில எவ்வளவு?

செக்காலை_ரோடு:

வணக்கம். காரைக்குடி பக்கத்துல தண்ணி சுத்திகரிக்கிற யூனிட். 900 கிலோ குளோரின் டோனர் (பெரிய சிலிண்டர்) நாலு இருக்கு. ஷெட்டை ஒட்டி 12 அடி ஆழத்துல கழிவுநீர் சம்ப். புதுசா ஆறு எஸ்கேப் செட் (வாயு கசிஞ்சா மாட்டிக்கிட்டு தப்பிச்சு வெளியே வர்ற சுவாசக் கருவி) வந்திருக்கு. தலையோட மாட்டுற ஹூட், 2 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம். பை மேல "10 நிமிடம்"னு போட்டிருக்கு. இப்போதைக்கு ஸ்டோர்ஸ் பீரோவுல பூட்டி வச்சிருக்கு. ஸ்டோர்ஸுக்கு தகரக் கூரை.

அந்த 10 நிமிஷத்தை எப்படி எடுத்துக்கிறது? எங்க மாட்டி வைக்கிறது? மாசாமாசம் என்ன பார்க்கணும், காத்து குறைஞ்சா எங்க நிரப்புறது? இன்னொண்ணு, சம்ப்ல பம்பு அடைச்சா இதை மாட்டிக்கிட்டு இறங்கலாமான்னு ஃபிட்டருங்க கேக்குறாங்க. என்ன பதில் சொல்ல?

பள்ளத்தூர்_ஆச்சி:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். இறங்கவே கூடாது. இது வெளியே வர்றதுக்கு மட்டும் செஞ்ச சாமான். கப்பல்களுக்கான சோலாஸ் விதியில இதே மாதிரி செட்டுக்குத் தெளிவாவே எழுதியிருக்கு: தீயணைக்கவோ ஆக்சிஜன் குறைஞ்ச தொட்டிக்குள்ள போகவோ பயன்படுத்தக் கூடாதுன்னு. கரையிலயும் நியாயம் அதேதான்.

காரணம் கணக்குல இருக்கு. 2 லிட்டரை 200 பாரால பெருக்கினா ஏறக்குறைய 400 லிட்டர் காத்து. ஹூட்டுக்குள்ள நிமிஷத்துக்கு சுமார் 40 லிட்டர் வீதம் நிக்காம பாயும். நீங்க மூச்சு வாங்கினாலும் வாங்காட்டியும் அதே 40. அதனாலதான் 10 நிமிஷம். ஏணியில ஏறி இறங்கி, ஸ்பானர் போட்டு மல்லுக்கட்டுற ஆளுக்கு நிமிஷத்துக்கு 60 லிட்டருக்கு மேலயே வேணும். அப்ப பாயுற காத்து பத்தாது. ஹூட் முகத்தோட ஒட்டும், கழுத்து வழியா வெளிக்காத்து உள்ள வரும், விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டி வரும். தலை கிறுகிறுக்கும்போது ஆள் 12 அடி பள்ளத்துல நிப்பாரு.

சம்ப்ல இறங்கித்தான் ஆகணும்னா அது வேற ஏற்பாடு. முதல்ல பம்பை மேல தூக்க வழி இருக்கான்னு பாருங்க. கைடு ரெயிலும் செயினும் போட்டா பாதி நாள் இறங்குற வேலையே இருக்காது. இறங்க வேண்டிய நாள்ல ப்ளோயர் ஓட்டி, கேஸ் மீட்டர மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் இறக்கிப் பார்க்கணும். ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கணும். 19.5க்குக் கீழ போனா பேச்சே இல்லை. ட்ரைபாட், பெல்ட், கயிறு, மேல கண்ணெடுக்காம நிக்க ஒரு ஆள். மூச்சுக்கு பி.ஏ. செட் (முதுகுல மாட்டிக்கிட்டு வேலை செய்யற சுவாசக் கருவி), 6 லிட்டர் 300 பார் சிலிண்டர். அதுல 1,600 லிட்டருக்கு மேல காத்து இருக்கும், தீரப் போகுதுன்னா விசில் அடிக்கும். 1948 தொழிற்சாலைச் சட்டம் 36ஆம் பிரிவுலயே இந்த பெல்ட், கயிறு, சுவாசக் கருவி எல்லாம் வந்துடுச்சு.

ஒரு ஆள் உள்ள விழுந்துட்டா இந்த ஹூட்டை மாட்டிக்கிட்டு இன்னொருத்தர் குதிக்கிறதுதான் பெரிய ஆபத்து. இதை ஃபிட்டருங்ககிட்ட எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

இப்ப 10 நிமிஷத்துக்கு வர்றேன். அதை ஐந்தா வச்சுத் திட்டம் போடுங்க. மாட்டுறதுல கொஞ்சம் போகும், பிரஷர் 180க்கு இறங்கியிருந்தா 9 நிமிஷம்தான், பதட்டத்துல வழி தவறும். சாதாரண நடையில நிமிஷத்துக்கு 70 மீட்டர் போகலாம். ஹூட்டும் புகை மூட்டமும் இருந்தா 30ன்னு வையுங்க. ஐந்து நிமிஷத்துக்கு 150 மீட்டர். உங்க பாதை அதுக்குள்ள முடியணும். இன்னொண்ணு, ஓடச் சொல்லாதீங்க. ஓடினா மேல சொன்ன 60 லிட்டர் கதைதான். விறுவிறுன்னு நடக்கச் சொல்லுங்க.

நம்ம ஊர் வளவு வீட்டுல முகப்புல நின்னு பார்த்தா பின்கட்டு வாசல் வரைக்கும் ஒரே நேரா தெரியும் இல்லையா, தப்பிக்கிற பாதை அப்படி இருக்கணும். நடுவுல காலி டிரம், சைக்கிள், பூட்டின கேட்டு எதுவும் கூடாது.

மாட்டுற வரிசை இது. முதல்ல மூச்சை அடக்கணும். "ஆழமா ஒரு மூச்சு இழுத்துட்டு"ன்னு சிலர் சொல்லிக் கொடுக்கிறாங்க, அது குளோரினை உள்ள இழுக்கிற வேலை, விட்டுடுங்க. பட்டையைத் தோள்ல போட்டு, பை மூடியை இழுத்தா பெரும்பாலான மாடல்ல காத்து தானா பாயும். சத்தம் கேக்குதான்னு பார்க்கணும். ரெண்டு கையையும் கழுத்து ரப்பருக்குள்ள விட்டு விரிச்சு, தாடையை முதல்ல நுழைச்சு பின்னாடி இழுக்கணும். சட்டைக் காலர், துண்டு, தாலிச் சங்கிலி, முடி எதுவும் ரப்பருக்கு அடியில மாட்டக் கூடாது. கொண்டை இருந்தா உள்ளயே தள்ளிடணும். மூக்குக் கண்ணாடி, தாடிக்கு ஹூட்ல பிரச்சினை இல்லை, அதுதான் இதோட பெரிய வசதி. கண்ணை மூடிக்கிட்டு 20 விநாடிக்குள்ள மாட்ட வர்ற வரைக்கும் பழக்குங்க.

பாயுற சத்தம் நின்னா ஹூட்டை உடனே கழட்டணும், இல்லைன்னா விட்ட மூச்சே உள்ள நிறைஞ்சிடும். அதனால சத்தம் நிக்கிறதுக்கு முன்னாடி நல்ல காத்துல இருக்கணும்.

புதுவயல்_மில்:

ஆச்சி சொன்னதுக்கு மேல பராமரிப்பு பத்தி மட்டும் எழுதுறேன்.

தகரக் கூரை ஸ்டோர்ஸ்ல இருந்து முதல்ல எடுங்க. சித்திரை, வைகாசி மதியத்துல தகரத்துக்கு அடியில கிடக்கிற சூட்டுல கழுத்து ரப்பர் சீக்கிரம் வெடிக்கும், முகப்பு பிளாஸ்டிக் மங்கும். ரப்பரை விரிச்சு வெளிச்சத்துல பாருங்க. மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிஞ்சா ஹூட்டை மாத்தணும், ஒட்டுப் போடக் கூடாது. செம்மண் புழுதி ஜிப்புக்குள்ளயும் ரப்பர் மடிப்புலயும் ஏறும். எலி வேற. அதனால மூடி இருக்கிற, பூட்டு இல்லாத பெட்டி. சீலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் டேக் போதும், ஒரு இழுப்புல அறுந்துடும்.

கேஜ் முள்ளைப் பத்தி ஒரு விஷயம். சூட்டுக்கு பிரஷர் ஏறும், குளிருக்கு இறங்கும். மதியம் 40 டிகிரியில 200 காட்டுற சிலிண்டர் விடியக்காலை 24 டிகிரியில 190தான் காட்டும். அது கசிவு இல்லை. அதனால மாசாமாசம் ஒரே நேரத்துல, காலையில, பாருங்க. கைவிரல் அளவு கேஜ்ல 10 பார் வித்தியாசம் சரியா தெரியாது, முள்ளு ஒட்டிக்கிட்டும் நிக்கும். அதுக்கு பலசரக்குக் கடை எலக்ட்ரானிக் தராசு நல்ல சாட்சி. செட்டைப் புதுசுல எடை போட்டு எழுதி வச்சுக்கங்க. 400 லிட்டர் காத்து சுமார் 480 கிராம். 20 பார் குறைஞ்சா 48 கிராம் குறையும். கேஜ் பச்சையில நின்னு எடை 100 கிராம் இறங்கியிருந்தா கேஜை நம்பாதீங்க.

அட்டை ஒண்ணு பெட்டியிலயே தொங்கட்டும்: தேதி, பிரஷர், எடை, சீல் நம்பர், பார்த்தவர் கையெழுத்து. சிலிண்டர் கழுத்துல அடிச்சிருக்கிற ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தச் சோதனை) தேதியையும் அதுல ஏத்துங்க. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட். பெசோ (மத்திய அரசோட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி உள்ள இடத்துலதான் செய்யணும். ரெகுலேட்டர் சர்வீஸ் தயாரிச்ச கம்பெனி சொல்ற இடைவெளியில, அவங்க ஆள் மூலமா. வால்வு கசிஞ்சா சோப்புத் தண்ணி தடவிக் குமிழி பாருங்க, அதோட நிறுத்திக்கங்க. கிரீஸ், டெஃப்ளான் டேப் எதையும் மரையில சுத்தாதீங்க.

நிரப்புறதுக்கு மூச்சுக்காத்து கம்ப்ரஸர் வச்சிருக்கிற இடம்தான். பிளாண்ட் இன்ஸ்ட்ருமென்ட் ஏர் (கருவிகளை இயக்குற காத்து) 7 பார்தான் இருக்கும், மூச்சுக்கு சுத்தமும் இல்லை. நிரப்புறவர்கிட்ட காத்து டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. மூச்சுக்காத்துக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 12021 படி கார்பன் மோனாக்சைடு 5 பிபிஎம் (பத்து லட்சத்துல 5 பங்கு), கார்பன் டை ஆக்சைடு 500 பிபிஎம், எண்ணெய் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. டீசல் கம்ப்ரஸரோட புகைக்குழாய் பக்கத்துல காத்து இழுத்தா கார்பன் மோனாக்சைடு நேரா சிலிண்டருக்குள்ள வரும். வேகமா நிரப்பினா சிலிண்டர் சுடும், ஆறினதும் 185க்கு இறங்கிடும். மெதுவா நிரப்பி, ஆறவிட்டு, திரும்ப ஏத்தச் சொல்லுங்க.

வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து "கொஞ்சம் ஏத்திக்கலாம்"னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே தடுங்க. காத்துக்குன்னு செஞ்ச வால்வுல அழுத்தமான ஆக்சிஜன் போனா துளி எண்ணெய் போதும், தீப்பிடிக்கும்.

நாச்சியாபுரம்_ஃபிட்டர்:

அண்ணே, இதுக்கு இவ்வளவு பாடு எதுக்கு? கேன்வாஸ் பையில வர்ற ஃபில்டர் மாஸ்க் விலை குறைவு, நிரப்ப வேண்டியதில்லை, இடுப்புலயே மாட்டிக்கலாம். குளோரினுக்கு சாம்பல் பட்டை ஃபில்டர் போதாதா?

பள்ளத்தூர்_ஆச்சி:

திறந்த வெளியில, தள்ளி நிக்கிற ஆளுக்கு உதவும், மறுக்கலை. சாம்பல் பட்டை குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு மாதிரி வாயுவுக்கு. மஞ்சள் சல்பர் டை ஆக்சைடுக்கு, பச்சை அம்மோனியாவுக்கு, பழுப்பு கரைப்பான் ஆவிக்கு. ஆனா ஃபில்டர் இருக்கிற காத்தைச் சலிக்கும், இல்லாத ஆக்சிஜனைக் கொடுக்காது. சம்ப்புக்கு அது சுத்தமா உதவாது. தீ புகைக்கும் சாம்பல் பட்டை போதாது, கார்பன் மோனாக்சைடு தாண்டி வந்துடும்.

டோனர் பக்கத்துல இன்னொரு சங்கடம். திரவ குளோரின் ஒரு லிட்டர் கசிஞ்சா ஏறக்குறைய 450 லிட்டர் வாயுவா விரியும். உடனடி உயிராபத்து எல்லை 10 பிபிஎம்தான். வால்வு பக்கத்துல நிக்கிறவர் சந்திக்கிறது அதைப் போல பல மடங்கு, சின்ன ஃபில்டர் எத்தனை நேரம் தாங்கும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால டோனர் மாத்துறவருக்கு ஹூட் செட் தோள்ல, கேட் காவலருக்கும் ஆபரேட்டர் ரூமுக்கும் ஃபில்டர். சீல் பிரிச்ச ஃபில்டர் மறுபடி பைக்குள்ள போகக் கூடாது.

செக்காலை_ரோடு:

நன்றி ஆச்சி, அண்ணே. டேப் வச்சு அளந்துட்டேன். டோனர்ல இருந்து மேற்கு கேட் 70 மீட்டர், வடக்குச் சுவர் கேட் 110 மீட்டர். வடக்கு கேட் பூட்டுலதான் இருக்கு. எல்லாரும் மேற்கு கேட்டுல கூடணும்னு போர்டு இருக்கு. போதுமா?

பள்ளத்தூர்_ஆச்சி:

ரெண்டும் 150க்குள்ள வருது, நல்லது. ஆனா ஒரே கூடும் இடம் போதாது. ஆனி, ஆடியில மேல்காத்து. அப்ப மேற்கு கேட் சரியான திசை. ஐப்பசி, கார்த்திகையில வாடை திரும்பும்போது புகை மேற்கையும் தெற்கையும் பார்த்து நகரும், போர்டு ஆளுங்களை அதுக்குள்ளயே அனுப்பும். குளோரின் காத்தைவிட ரெண்டரை மடங்கு கனம், தரையோட ஊர்ந்து பள்ளத்துல தேங்கும். சம்ப் பக்கமா போற வழி எந்த மாசத்துக்கும் ஆகாது. காத்துக்கொடியை ஷெட்டு மேல எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சு, குறுக்கா விலகி அப்புறம் காத்து வர்ற பக்கம் ஏறிப் போகச் சொல்லுங்க. வடக்கு கேட்டுக்கு உள்ளிருந்து தள்ளினா திறக்கிற தாழ் போடுங்க.

வெளியே வந்ததும் துணியில குளோரின் இருக்கும். காத்து வர்ற பக்கம் போன பிறகு ஹூட், அப்புறம் சட்டை. கண்ணை 15 நிமிஷம் கழுவணும், 108 கூப்பிடணும். "இருமல் நின்னுடுச்சு"ன்னு வீட்டுக்கு அனுப்பாதீங்க, நுரையீரல்ல நீர் கோர்க்கிறது பல மணி நேரம் கழிச்சும் வரும்.

புதுவயல்_மில்:

மாட்டுற இடம்: ஷெட்டு வாசல்ல உள்பக்கம் ரெண்டு, ஆபரேட்டர் மேசைகிட்ட ரெண்டு. இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடு உயரம், வெயில் படாத சுவர். மீதி ரெண்டு டோனர் மாத்துறவங்க தோளுக்கு. பழக்குறதுக்கு வேற நிறத்துல பயிற்சி செட் ஒண்ணு தனியா வாங்குங்க. உண்மையான செட்டைப் பிரிச்சுப் பழகினா பாதி காத்தோட திரும்ப சுவர்ல தொங்கும்.

ஆறு பத்துமான்னு ஒரு நாள் எண்ணிப் பாருங்க, அதுவும் டோனர் இறக்குற அன்னிக்கு. லாரி டிரைவர், கிளீனர், கிரேன் ஆள், கான்ட்ராக்ட் ஆள் ரெண்டு பேர்னு சேர்ந்தா எண்ணிக்கை எட்டு, ஒன்பது ஆயிடும். கேட்டுல சீட்டு எழுதும்போதே அவங்க கையில ஒரு செட்டைக் கொடுத்து, எப்படி மாட்டுறதுன்னு பயிற்சி செட்ல ஒரு தடவை செய்ய வச்சுட்டு உள்ள விடுங்க.