விளிக்காற்புள்ளி: ஆங்கில வியப்புத் தொடரில் வரும் கமாவுக்குத் தமிழ்ச் சொல்

ஹட்டன்:

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கில இலக்கணக் கையேட்டுக்குத் தமிழ் விளக்கம் எழுதுகையில் ஒரு சொல் தேவைப்படுகிறது. "தேங்க் யூ, டீச்சர்!", "வெல் டன், மகேஷ்!", "ஹெப்பி பேர்த்டே, அம்மா!" என்பவற்றில் கூப்பிடும் பெயருக்கு முன்னால் நிற்கிறதே, அந்தக் கமா. பரிசளிப்பு விழா பெனர்களில் அநேகமாகக் காணாமற்போவது இதுதான். "அழைப்புக் காற்புள்ளி" சரிவருமா?

பண்டாரவளை:

> "அழைப்புக் காற்புள்ளி" சரிவருமா?

வராது, ஐயா. அழைப்பு என்றதும் கல்யாணப் பத்திரிகையும் போன் கோலும்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். எட்டாம் வேற்றுமைக்கு விளி என்ற பெயர் இருக்கும்போது வேறெங்கும் தேடவேண்டாம். விளிக்காற்புள்ளி.

காரணமும் இலக்கணத்திலேயே இருக்கிறது. விளியில் பெயர் எப்படியெல்லாம் மாறும் என்று நன்னூல் சொல்கிறது. மகன் "மகனே" என மிகும், முருகன் "முருக" எனக் குன்றும், மக்கள் "மக்காள்" என ஈற்றயல் நீளும். "தம்பி வா" என்பதில் எதுவும் மாறாது, அது இயல்பு விளி. இன்றைய ஆங்கிலத்தில் எல்லாப் பெயருமே இயல்பு விளிதான், ஒட்ட உருபு கிடையாது. நமக்கு ஏகாரம் செய்கிற வேலையை எழுத்தில் அங்கே கமா செய்கிறது.

தலவாக்கலை:

சொல் நல்லது, ஆனால் சொல்வதெழுதுதலில் பாதி வகுப்பு "விழிக்காற்புள்ளி" என்று எழுதும். நம் பக்கத்துப் பேச்சில் ள, ழ இரண்டும் ஒன்றுதானே. முதல் தடவை பலகையில் எழுதிக் காட்டியே ஆகவேண்டும். நடுவில் "க்" விடுபடவும் கூடாது. விட்டால் வினைத்தொகையாகி, கமாவே ஆளைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும்!

எங்கே போடுவது என்பதற்குச் சுருக்கமான சோதனை: பெயரை எடுத்துவிட்டுப் படியுங்கள், மிச்சம் தனியே நின்றால் கமா உண்டு. "டியர் சேர்" என்பதில் சேரை எடுத்தால் டியர் அந்தரத்தில் தொங்கும். ஆகவே இடையில் கமா இல்லை.

பண்டாரவளை:

அந்தச் சோதனை மட்டும் போதாது. "கோல் மீ, ராஜா!" என்றால் ராஜாவிடம் கோல் எடுக்கச் சொல்கிறோம். "கோல் மீ ராஜா!" என்றால் என்னை ராஜா என்று கூப்பிடு என்கிறோம். பெயரை எடுத்தாலும் இரண்டிலும் "கோல் மீ" நிற்கிறது. "யாரைப் பார்த்துச் சொல்கிறோமோ அவருடைய பெயரா இது?" என்ற கேள்வியை முதலில் வையுங்கள், எடுத்துப் பார்ப்பது பிறகு.

பெயர் நடுவில் வந்தால் இரு பக்கமும் கமா வேண்டும்: "தேங்க் யூ, சேர், ஃபோர் கமிங்!" முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பதுதான் வழமையான பிழை. இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. விதியைப் படித்த உற்சாகத்தில் "ஹெப்பி, நியூ இயர்!" என்று எழுதுவார்கள். அங்கே யாரையும் கூப்பிடவில்லை.

ஹட்டன்:

அப்படியானால் "வாவ், வாட் எ வியூ!" என்பதில் வருவதும் விளிக்காற்புள்ளியா?

தலவாக்கலை:

இல்லை. "வாவ்" ஆளின் பெயரல்ல, வியப்பிடைச்சொல். அதன்பின் வரும் கமா மூச்சுவிடும் இடத்தைக் காட்டுகிறது, அதில் கொஞ்சம் சுதந்திரமும் உண்டு. "ஓ, நோ!" என்றும் எழுதலாம், "ஓ நோ!" என்றும் எழுதலாம். "ஓ மை கோட்!" பெரும்பாலும் கமா இல்லாமலே வரும். ஆங்கிலச் செபங்களில் "எச்" இல்லாமல் ஒற்றைப் பெரிய எழுத்தாக வரும் "ஓ" வேறு சங்கதி. அது "ஆண்டவரே" என்பதிலுள்ள ஏகாரம் மாதிரி பெயரோடு ஒட்டியது, அதன்பின் கமா போடுவதில்லை. வியப்பிடைச்சொல்லின் பின் வரும் கமாவுக்குத் தனிக் கலைச்சொல் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு வரி விளக்கம் போதும்.

ஹட்டன்:

சரி, பதிவை இப்படி வைக்கிறேன். விளிக்காற்புள்ளி: ஆங்கிலத் தொடரில் விளிக்கப்படும் பெயரைப் பிரித்துக் காட்டும் காற்புள்ளி. பெயர் முதலில் வந்தால் அதன் பின்னும், இறுதியில் வந்தால் அதன் முன்னும், இடையில் வந்தால் இரு பக்கமும் இடப்படும். "வெல்கம்" மேல் வரியிலும் "பேரண்ட்ஸ்" கீழ் வரியிலும் வரும் பெனருக்கு என்ன செய்வது என்று யாராவது எழுதுங்கள்.

பண்டாரவளை:

வரி உடைந்தாலும் கமாவைப் போடச் சொல்லுங்கள். அதே வாசகம் பிறகு அழைப்பிதழில் ஒரே வரியாக அச்சாகும்போது திருத்த ஆள் இருக்காது.