புதுப்பிப்பு: எக்ஸ்ரே நார்மல், ஆனா மணிக்கட்டுல ‘டக்’ சத்தம் – 4டி சிடி எடுத்தாச்சு

முந்தைய பதிவைப் படிக்காதவங்களுக்கு: பைக் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேல முறிவு இல்லைன்னு அனுப்பிட்டாங்க. ஆனா துணி பிழியும்போதெல்லாம் ‘டக்’னு ஒரு சத்தம், கூடவே வலி.

இப்போ 4டி சிடி, அதாவது மூட்டு அசையும்போதே எடுக்கற சிடி ஸ்கேன், எடுத்தாச்சு. குப்புறப் படுத்து, கையை மட்டும் மெஷினுக்குள்ள நீட்டி, டெக்னீஷியன் சொல்ற வேகத்துல மணிக்கட்டை இடமும் வலமுமா மெதுவா ஆட்டணும். அப்புறம் முஷ்டியை இறுக்கி விரிக்கணும். ஆட ஆட முப்பரிமாணப் படம் விழுது. எலும்பு நகர்றதை வீடியோவாவே காட்டினாங்க.

கை தளர்வா இருக்கும்போது ஸ்கேஃபாய்டு, லூனேட்னு ரெண்டு சின்ன மணிக்கட்டு எலும்பும் சமர்த்தா பக்கத்துல இருக்கு. முஷ்டியை இறுக்கினதும் நடுவுல விலகுது! பொதுவா இடைவெளி 3 மி.மீ.க்கு மேல போனா, ரெண்டையும் பிணைக்கிற லிகமென்ட் (நார்) அறுந்திருக்கலாம்னு சந்தேகப்படுவாங்களாம். சிலருக்குப் பிறவியிலேயே மூட்டு தளர்வா இருக்கும்ங்கறதால நல்ல கையையும் எடுத்து ஒப்பிட்டாங்க. அது விலகலை. அசையாம வச்சு எடுத்த எக்ஸ்ரேல இது எங்க தெரியப்போகுது?

கதிர்வீச்சு பத்திக் கேட்டவங்களுக்கு: கை உடம்பை விட்டுத் தள்ளி இருக்கறதால, வயிறு சிடியைவிட பாதிப்பு ரொம்பக் கம்மி.

கவனிக்காம விட்டா நாளடைவுல மூட்டுத் தேய்மானம் வருமாம். அதனால அடுத்து கை அறுவை நிபுணர்கிட்ட. அனேகமா ஆர்த்ராஸ்கோப்பி (மூட்டுக்குள்ள சின்னக் கேமரா விட்டுப் பார்க்கறது) சொல்வார். அதுவரைக்கும் மணிக்கட்டை அசையாம பிடிச்சு வைக்கிற ஸ்ப்ளின்ட்தான், துணி பிழியறது தம்பி பொறுப்பு.