பனி பெய்யும் நாட்டில் வெளியே நிற்கும் பனைவகை மரத்தைக் குளிர்காலத்தில் காப்பது எப்படி?

கேள்வி – பறக்கைவாசி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் இந்த ஆண்டு தோட்டத்துடன் ஒரு வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறாள். அந்த வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, முன்பு அங்கே இருந்தவர்கள் மண்ணிலேயே நட்டு வளர்த்த பனைவகை மரம் ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. வீடியோ அழைப்பில் அதைக் காட்டினாள். ஓலை விசிறியாக விரிந்து, பார்ப்பதற்கு நம் ஊர் வடலியைப் போலவே இருக்கிறது. ஆனால் மட்டையின் ஓரத்தில் பனைக்கு உரிய முரட்டுக் கருக்கு இல்லை, தடவினால் சிறு சொரசொரப்பு மட்டுமே தெரிகிறது என்கிறாள். தண்டு முழுவதும் தென்னையின் பன்னாடையைப் போன்ற பழுப்பு நார் சுற்றியிருக்கிறது.

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி என்றும், சில இரவுகளில் மைனஸ் 15 டிகிரி வரைகூட இறங்கும் என்றும் சொல்கிறார்கள். தோப்புக்குள் வளர்ந்த பெண் என்பதால் அந்த மரத்தின் மேல் அவளுக்கு மிகுந்த பற்று. அது பட்டுப்போய்விடக் கூடாதே என்று பேசும்போதெல்லாம் கேட்கிறாள். தென்னம்பிள்ளைக்கு வெயில் படாமல் ஓலை மறைப்பு வைக்கத் தெரியுமே தவிர, பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பாலித்தீன் தாளால் முழுவதும் சுற்றிவிடலாமா? ஓலைகளை வெட்டிவிட்டால் மூடுவது எளிதாக இருக்குமா? அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஈத்தாமொழி நெட்டை வகைத் தென்னை நாற்று ஒன்றைக் கொண்டுபோய் அதன் அருகில் நடலாமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – ஈத்தாமொழித் தோப்பு

வணக்கம் அண்ணாச்சி. நாரையும் மட்டையையும் பற்றி நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது சீனாவைச் சேர்ந்த ட்ராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சுனி என்ற இனமாகவே இருக்க வேண்டும். அந்த நாரில் சீன உழவர்கள் கயிறு திரித்திருக்கிறார்கள், மழைக்குப் போர்த்தும் மேலாடையும் செய்திருக்கிறார்கள். 1849-இல் அதன் செடிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிய ராபர்ட் ஃபார்ச்சுனின் பெயரே அதற்கு அமைந்தது. சீனத் தேயிலைச் செடிகளை இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதன் உறவினமான ட்ராக்கிகார்ப்பஸ் டாக்கில் நம் நாட்டிலேயே, குமாவோன் மலைகளில் பனி விழும் உயரத்தில் வளர்கிறது. ஆகவே உங்கள் மகளின் மரம் குளிருக்குப் புதியதன்று. நன்றாக வேரூன்றிய மரம் மைனஸ் 12 முதல் 15 வரையான குளிரைச் சிறிது நேரம் தாங்கிவிடும். அந்தக் குளிர் நாள்கணக்கில் நீடிப்பதும், ஈரத்தோடு சேர்ந்து வருவதும்தான் ஆபத்து.

மாவும் பலாவும் ஒரு கொப்பை இழந்தால் வேறிடத்தில் தளிர்க்கும். தென்னைக்கும் பனைக்கும் இந்த மரத்துக்கும் உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்துதான் உயிர். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, ஓலை பிய்ந்தாலும் குருத்து தப்பிய தென்னைகள் மறுபடியும் கொண்டை கட்டின, குருத்து முறிந்தவை பட்டுப்போயின என்பதை நம் குமரி மாவட்டத்தில் எல்லோரும் கண்டோம். அதே கணக்கை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்: ஓலை கருகினால் வசந்தத்தில் புதிது வரும், குருத்து அடியோடு அழுகினால் மரம் இல்லை. அதனால் ஓலைகளை வெட்டவே வேண்டாம். குருத்தைச் சுற்றி நிற்கும் முதல் அரண் அவைதான். வெட்டிய காயம் குளிர்காலம் முழுவதும் ஆறாமல் கிடக்கும்.

பாலித்தீன் தாளும் கூடாது. உள்ளே வியர்த்து நீர் கோத்துக்கொண்டு பகல் வெயிலில் வெந்து, இரவில் அந்த நீரே குருத்தின் மேல் உறையும். ஈத்தாமொழி நெட்டையைப் பொறுத்தவரை, உறைபனி ஓர் இரவு பட்டாலே தென்னம்பிள்ளை போய்விடும், ஆகையால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஐரோப்பாவுக்குள் நாற்றுக் கொண்டுபோவதற்குத் தாவரநலச் சான்றிதழும் வேண்டும்.

பதில் – கருங்கல் டு ஆக்ஸ்பர்க்

ஐயா, வணக்கம். நான் கருங்கல் பக்கத்துக்காரன். உங்கள் மகள் இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஆக்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். இங்கே கடைகளில் ஹன்ஃப்பால்மே என்று விற்கும் இந்த மரம் எங்கள் வீட்டிலும் நிற்கிறது. மேலே சொன்ன பதில் முற்றிலும் சரி. செய்முறையை மட்டும் நான் விளக்குகிறேன்.

முதலில், அவசரப்பட்டு மூட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நவம்பரில் மைனஸ் 5, 6 என்று இறங்கும் இரவுகள் மரத்துக்குக் குளிர்காலத்துக்கான பயிற்சியாகவே அமைகின்றன. அந்த நாட்களில் தேவைப்படுவது மழை மறைப்பு மட்டுமே: நான்கு கம்புகளை ஊன்றி, மேலே ஒரு பலகையையோ அக்ரிலிக் தாளையோ சற்றுச் சாய்வாகக் கட்டி, நான்கு பக்கத்தையும் திறந்தே விட வேண்டும். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குச் சருகும் மரப்பட்டைத் தூளுமாக 20 சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்குப் போடலாம். மண் உறைந்துவிட்டால் வேர் நீர் உறிஞ்சாது. அதே வேளையில் பிப்ரவரி வெயிலும் காற்றும் ஓலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குளிரில் போனதாகப் பலர் நினைக்கும் ஓலைகளில் பல இப்படித் தாகத்தில் காய்ந்தவைதான். பனி இளகும் நாட்களில் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

மைனஸ் 10-க்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை சொன்னால்தான் முழு மூடல். ஓலை உலர்ந்திருக்கும் ஒரு பகலில், கீழ் ஓலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மட்டையாக மேலே தூக்கி, குருத்தைச் சுற்றிச் சேர்த்து, கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும். மட்டை அடியில் ஒடிந்துவிடும் என்பதால் இருவர் சேர்ந்து செய்வது நல்லது. அதன்மேல் ஃப்ளீஸ் என்று விற்கும் காற்றுப் புகும் வெள்ளைத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றலாம். தண்டுக்குத் தென்னை நார்ப் பாய் மிக நன்றாக இருக்கிறது. இங்குள்ள தோட்டக் கடைகளிலேயே கிடைக்கும்.

மைனஸ் 15 வரை போகக்கூடிய இடம் என்பதால் சிறிது சூடும் தேவைப்படும். தோட்டத்தில் பயன்படுத்தத் தகுந்த வெப்பக் கேபிளைத் தண்டின் மேற்பகுதியிலும் குருத்தின் அடியிலும் சுற்றி, தெர்மோஸ்டாட்டின் உணரியைக் குருத்தின் பக்கத்திலேயே வைத்து, உறைநிலையை நெருங்கும்போது மட்டும் ஓடும்படி அமைக்கலாம். மரத்தைக் கதகதப்பாக வைப்பது நோக்கமன்று. குருத்து உறையாமல் இருந்தால் போதும். மியூனிக் பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. ஆல்ப்ஸ் மலையிலிருந்து ஃபோன் என்ற வெப்பக்காற்று நடுக்குளிர்காலத்திலும் இறங்கி, ஒரே நாளில் வெப்பத்தை 10 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். அன்று துணியை அவிழ்த்துக் காற்றாட விடாவிட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மறுமொழி – பறக்கைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பாலித்தீன் வாங்க வேண்டாம் என்று மகளுக்கு உடனே சொல்லிவிட்டேன். கேபிளுக்குப் பதிலாக வீட்டிலிருக்கும் கிறிஸ்துமஸ் தொடர்விளக்கைச் சுற்றலாமா என்று கேட்கிறாள். குளிர் முடிந்தபின் மரம் உயிரோடு இருக்கிறதா என்பதை எப்படி அறிவது, எப்போது பிரிப்பது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – தோவாளை ஓய்வாளர்

அன்பரே, வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பிரித்த பிறகு செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன். கடுங்குளிர் ஓய்ந்ததும், பெரும்பாலும் மார்ச் மாதத்தில், மேகமூட்டமான ஒரு நாளில் பிரிப்பது நல்லது. மூடியிருந்த ஓலை திடீரென்று முழு வெயிலைக் கண்டால் வெளுத்துக் கருகும்.

பிரித்ததும் நடுவில் நிற்கும் விரியாத குருத்தோலையை விரல்களால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசையாமல் உறுதியாக நின்றால் கவலையில்லை. கையோடு வந்துவிட்டு, அடி பழுப்பாகிக் கொழகொழத்து நாற்றம் வீசினால் அது குருத்து அழுகல். மழைக்காலத்தில் நம் தென்னையில் பைட்டோப்தோரா பூஞ்சையால் வருவதும் வெளிப்பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். அப்போதும் மரத்தைக் கைவிட வேண்டியதில்லை, ஏனெனில் வளர்முனை உருவிவந்த ஓலையின் அடிக்கும் கீழே இருக்கிறது. நாம் இங்கே அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த 10 சதவீத போர்டோ பசையைத் தடவி, புதுக்குருத்து வரும்வரை மழைநீர் இறங்காமல் மூடி வைக்கிறோம் அல்லவா, அதே முறை அங்கும் பொருந்தும். மருந்தை மட்டும் அந்நாட்டில் வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதிக்கப்பட்டதாகக் கேட்டு வாங்க வேண்டும். கோடை முழுவதும் பொறுத்திருந்து பார்க்காமல் வேரைத் தோண்டிவிடாதீர்கள். கொண்டை வெறுமையாக நின்று, ஆடியில் புதுக்குருத்து எட்டிப் பார்ப்பதும் உண்டு.

பதில் – கருங்கல் டு ஆக்ஸ்பர்க்

தொடர்விளக்கைப் பற்றி: பழைய இழைப் பல்பு என்றால் சூடு தரும், எல்இடி என்றால் பயன்படாது. இழைப் பல்பானாலும் வெளிப்புறத்துக்கு உரியதாக இருக்க வேண்டும், வைக்கோலையோ சருகையோ தொடக் கூடாது, தீப்பிடிக்கும். என்னைக் கேட்டால் கேபிளே வாங்கச் சொல்வேன்.

மண்ணில் நிற்கும் மரத்தை மார்ச்சில் பிரிக்கலாம் என்று ஐயா சொன்னது இங்கேயும் சரிதான். ஆனால் மே 11 முதல் 15 வரை பனிப் புனிதர்களின் நாட்கள் என்று இவ்வூர்த் தோட்டக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதுவரை பின்பனி வரக்கூடும் என்பதால் ஃப்ளீஸ் துணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கட்டும். ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து உரம் போட வேண்டாம். அதில் கிளம்பும் இளங்குருத்து முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். சாம்பல்சத்து போடலாம்.