தரையில் தடவினால் மகிழும் முயல், தூக்கினால் உதைக்கிறது: எப்படிக் கையாள்வது?

மாடித்தோட்டம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஏழு மாதம் ஆன வெள்ளைப் பெண் முயல் ஒன்று வளர்கிறது. உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக இருந்தபோது, "இது இவ்வளவுதான் வளரும்" என்று சொல்லி விற்றார்கள். இப்போது மூன்று கிலோவைத் தாண்டிவிட்டது. நான் தரையில் அமர்ந்திருந்தால் தானாகவே வந்து, என் முழங்காலுக்கு அருகில் தலையைத் தரையோடு தாழ்த்தி வைத்துக்கொள்கிறது. நெற்றியைத் தடவினால் கண்களைப் பாதி மூடியபடி அசையாமல் இருக்கிறது. அதே முயலை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தூக்கினால், பின்னங்கால்களால் உதைத்து, கையைக் கீறிவிட்டுக் குதித்து ஓடுகிறது. பிறகு பின்னங்காலால் தரையைப் படீரென்று அடித்துவிட்டு, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தீனிக் கிண்ணத்தை எடுப்பதற்காகக் கூண்டுக்குள் கை நீட்டினாலும் உறுமிக்கொண்டு முன்னங்கால்களால் அறைகிறது.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு முயலை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்று ஆசை. விடாமல் தினமும் தூக்கினால் பழகிவிடும் என்கிறார் என் மாமியார். காதைப் பிடித்துத் தூக்குவதுதான் முறை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே தடவினால் முயலுக்குப் பிடிக்கும், எப்படித் தூக்குவது, முதலில் தூக்கத்தான் வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். இன்னொரு ஐயமும் உண்டு. சில நேரங்களில் சும்மா உட்கார்ந்தபடியே தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுகிறது. இது நோயின் அறிகுறியா?

சாம்பல்காது:

சகோதரி, உங்கள் முயல் உங்களிடம் நன்றாகவே பழகியிருக்கிறது. தலையைத் தரையோடு தாழ்த்திக்கொடுப்பது, "தடவிவிடு" என்று முயல் கேட்கும் முறை. சேர்ந்து வளரும் இரண்டு முயல்களைக் கவனித்தால் இது விளங்கும்: ஒன்று மற்றதன் வாய்க்கு அருகில் தலையைக் கொண்டுபோய்த் தாழ்த்தும், மற்றது அதன் நெற்றியையும் கண்ணோரத்தையும் காதடியையும் நக்கிச் சுத்தம் செய்யும். தன் நாக்குக்கு எட்டாத அந்த இடங்களில்தான் முயல் உங்கள் விரலையும் விரும்புகிறது. மூக்குத்தண்டிலிருந்து மேல்நோக்கி, இரண்டு காதுகளுக்கு நடுவே வரை விரல்நுனியால் மெதுவாக நீவுங்கள். கன்னத்தைக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தால் பல முயல்கள் அப்படியே தரையில் பரவிப் படுத்துவிடும். முதுகில் தோள்பட்டை வரை தடவுவதில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. வயிறு, பாதம், வால், பின்தொடை ஆகியவற்றைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல முயலைத் தட்டுவதும் கூடாது.

கையை எந்தப் பக்கமாகக் கொண்டுபோகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னாலும் மேலேயும் நடப்பது அதற்குத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னே, தாடைக்குக் கீழே இருப்பது கண்ணில் படாது. நாய்க்கு மோப்பம் காட்டுவதுபோல மூக்கடியில் கையை நீட்டினால், பார்த்துக்கொண்டிருந்த கை திடீரென்று மறைந்துவிட்டதாகவே முயலுக்குத் தோன்றும். உச்சிக்கு நேராக மேலிருந்து இறங்கும் கையோ பருந்தை நினைவூட்டுவது. ஆகவே நீங்களும் தரையில் அமர்ந்து, பேச்சுக்கொடுத்தபடி, பக்கவாட்டிலிருந்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோங்கள்.

தலையாட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் முயலுக்குக் கண் சிவப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். நிறமி இல்லாத அந்தக் கண்களுக்குப் பார்வை சற்று மங்கல். தலையை மெல்ல அசைத்துத்தான் பொருள்களின் தொலைவை அவை கணிக்கின்றன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டாலோ, முயல் வட்டமடித்து நடந்தாலோ, கருவிழி துடித்தாலோதான் நோய். அப்போது அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தடவும்போது முயல் பற்களை மெல்ல உரசும் ஒலி, காதை அருகில் வைத்தால் கேட்கும். மீசையும் கன்னமும் சேர்ந்து அதிரும். அது இன்பத்தின் அடையாளம். முதுகைக் குவித்து உட்கார்ந்துகொண்டு, வெளியே கேட்கும்படி நறநறவென்று பல்லைக் கடித்தால் அது வலியின் அடையாளம். இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டு முயலின் சொந்த இடம். ஏழு மாதம் என்பது பெண் முயலுக்குப் பருவம் வந்துவிட்ட வயது. வளை தோண்டிக் குட்டி ஈனும் இடத்தைக் காக்கும் குணம் அப்போது மேலோங்கி நிற்கும். முயலை வெளியே உலவ விட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்தால் இந்தச் சண்டையே எழாது. உங்கள் வீட்டுத் தரை வழவழப்பான டைல்ஸ் என்றால் ஒரு பருத்தி ஜமுக்காளத்தையும் விரித்துவிடுங்கள். நாய், பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் மெத்தைப் பகுதி கிடையாது, மயிர்தான். வழுக்கும் தரையில் எந்நேரமும் பதறியபடியே நிற்கும். ஜமுக்காளத்தின் மேல் வந்ததும் அதே முயல் காலை நீட்டிப் படுப்பதைப் பார்ப்பீர்கள்.

மலைப்பண்ணை:

கொடைக்கானல் மலையில் முயல் வளர்ப்பவன் என்ற முறையில் இரண்டு சொல்கிறேன். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பண்ணையில் நாங்கள் பிடரித் தோலை ஒரு கையால் பற்றி, மறு கையால் பின்பகுதியைத் தாங்கித்தான் தூக்குவோம். மாமியார் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. தாயிடம் பால் குடிக்கும் நாள்களிலேயே மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டிகள் பிற்காலத்தில் அவ்வளவாக அஞ்சுவதில்லை.

நகம் வெட்டவோ தோலைப் பார்க்கவோ வேண்டுமானால் முயலைக் கைக்குழந்தைபோல மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றை மெல்லத் தடவுங்கள். சிறிது நேரத்தில் உறங்குவதுபோல அடங்கிவிடும். அதன் பிறகு எதை வேண்டுமானாலும் செய்யலாம். எங்களுக்கு இந்த முறைதான் வசதி.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

மேலே இருப்பவர் கடைசியாகச் சொன்னதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. மல்லாக்கப் படுத்த முயல் அசையாமல் கிடப்பது அமைதியினால் அன்று. கொன்று தின்னும் விலங்கின் பிடியில் அகப்பட்ட இரை, தப்பும் வழி இல்லாதபோது செத்ததுபோலக் கிடக்குமே, அந்த நிலை அது. அந்நேரத்தில் முயலுக்கு நினைவு தப்புவதில்லை. உள்ளே அச்சம் குறையாமல்தான் இருக்கிறது. விடுபட்ட பிறகு அது ஓடி ஒளிவதும் அதனால்தான். மருத்துவமனையில் மிகச் சுருக்கமான பரிசோதனைக்கு வேறு வழியின்றி அப்படிச் செய்வது உண்டு. வீட்டில் கொஞ்சுவதற்காகச் செய்யக் கூடாது. பிடரித் தோலைப் பற்றுவதும் வீட்டுக்கு வேண்டாம். முயலின் தோல் மெல்லியது; இழுத்தால் வலிக்கும்.

தூக்குவதில் இருக்கும் உண்மையான ஆபத்து முதுகெலும்பைச் சார்ந்தது. பூனையின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 12 முதல் 13 விழுக்காடு இருக்கும். முயலுக்கோ 7 முதல் 8 விழுக்காடுதான். அந்த மெல்லிய எலும்போடு இணைந்திருப்பவை மிக வலிய தொடைத் தசைகள். பின்பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும் முயல் ஓங்கி உதைத்தால், தன் உதையின் வேகத்திலேயே இடுப்புப் பகுதி முள்ளெலும்பு முறிந்து, பின்னங்கால்கள் இரண்டும் செயலிழந்துபோவது உண்டு. "துள்ளினது, அப்புறம் காலை இழுக்கிறது" என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட முயல்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே மருத்துவரிடம் கொண்டுசெல்ல, நகம் வெட்ட, ஆபத்திலிருந்து அகற்ற என்று தேவைக்கு மட்டும் தூக்குங்கள். ஆனால் அதைச் சரியாகச் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். தரையில் மண்டியிட்டு, முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சுக்கூட்டின் அடியில் ஒரு கையைக் கொடுங்கள். மறு கை பின்பகுதி முழுவதையும் தாங்கட்டும். தூக்கிய உடனே, நான்கு பாதங்களும் ஏதோ ஒன்றில் பதிந்திருக்கும்படி உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். முகத்தை உங்கள் முழங்கை மடிப்புக்குள் புதைத்துக்கொள்ள விட்டால் முயல் விரைவில் அடங்கும். இறக்கும்போதுதான் பெரும்பாலான விபத்துகள் நேர்கின்றன: தரையைக் கண்டதும் முயல் பாயும். எனவே அதன் முகம் உங்கள் பக்கம் இருக்க, பின்பகுதி முதலில் தரையைத் தொடும்படி இறக்குங்கள்.

உங்கள் மகள் நின்றுகொண்டு முயலைத் தூக்கவே வேண்டாம். தரையில் குப்புறப் படுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். முயல் தானாக வந்து தாளை மோந்து பார்க்கும், முதுகில்கூட ஏறும். ஒரு கொத்தமல்லித் தழை கையில் இருந்தால் இன்னும் விரைவில் வரும்.

மாடித்தோட்டம்:

அனைவருக்கும் நன்றி. கண் சிவப்புத்தான். கிண்ணத்தை இனிமேல் முயல் வெளியே உலவும்போது மட்டும் எடுக்கிறேன். மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது என்றால், நகத்தை எப்படி வெட்டுவது? மேலும், இப்போது மயிர் கொத்துக்கொத்தாக உதிர்கிறது. குளிப்பாட்டலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

குளிப்பாட்ட வேண்டாம். நனைந்த முயலின் உடல் வெப்பம் சட்டென்று இறங்கிவிடும். அச்சமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். உதிரும் மயிரை, தடவிக்கொண்டே ஈரமான உள்ளங்கையால் வழித்தெடுக்கலாம். மென்மையான சீப்பும் உதவும். அதை விட்டுவைத்தால் முயல் நக்கி விழுங்கும். முயலால் வாந்தியெடுக்க முடியாது.

நகத்துக்கு இருவர் வேண்டும். முயலை மேசையின் மேல் விரித்த துண்டில் உட்கார்ந்த நிலையிலேயே வைத்து, தலை வெளியே தெரிய, உடலைத் துண்டால் சுற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் அதை மார்போடு அணைத்திருக்க, மற்றவர் ஒவ்வொரு பாதமாக வெளியே எடுத்து வெட்டலாம். வெள்ளை முயலின் நகத்துக்குள் இரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்குச் சற்று முன்னதாகவே நிறுத்துங்கள். நான்கு பாதங்களையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முயல் பெருமூச்சு வாங்கினால் விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். வேலை முடிந்ததும் புல்லையோ தழையையோ வைத்து, அது தின்கிறதா என்று பாருங்கள். அரை நாளுக்கு மேல் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் இயக்கம் நின்றுபோயிருக்கக் கூடும்; விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.