பாகா ஒயினுக்கு எந்த உணவு பொருந்தும்?

வணக்கம். போர்ச்சுகலின் பைராடா வட்டாரத்தில் விளையும் பாகா திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் இரண்டு புட்டிகள் வாங்கினேன். முதல் புட்டியைத் திறந்த உடனே குடித்தபோது, கடுக்காயைக் கடித்ததுபோல் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும் கூரிய புளிப்புமே முன்னால் நின்றன. மறுநாள் மாலை அதில் மீந்திருந்ததைச் சுவைத்தபோதுதான் புளிப்புச் செர்ரி, உலர்ந்த பிளம், சிறிது புகையிலை ஆகியவற்றின் மணம் மெல்ல வெளிப்பட்டது. எனக்கு அந்த இரண்டாம் நாள் சுவையே பிடித்திருக்கிறது.

அதே பைராடா வட்டாரத்து மெயல்யாடா ஊரில் விறகடுப்பில் மொறுமொறுப்பாகச் சுடும் பால்குடி மாறாத பன்றிக்குட்டியின் கொழுப்பை இந்தப் புளிப்பு நன்றாகத் தணிக்கும் என்பது அறிந்ததே. ஆயினும் என் விருந்தினர் இருவர் பன்றியிறைச்சி உண்பதில்லை. எனவே, சிவப்பு ஒயினில் ஊறவைத்து மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைக்கும் ‘ஷன்ஃபானா’ என்னும் ஆட்டிறைச்சியைச் சமைக்க எண்ணுகிறேன். அதன் பூண்டும் மிளகும் துவர்ப்பை மேலும் கடுமையாக்கிவிடுமா? இரண்டாம் புட்டியை எத்தனை மணி நேரம் முன்னதாகத் திறந்து குடுவையில் ஊற்றி வைக்க வேண்டும்? இறைச்சி உண்ணாத ஒருவருக்கு முதிர்ந்த ஆட்டுப்பால் சீஸ் பொருந்துமா? செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.