நீங்கள் நின்று பார்த்த பூச்சி எது?

செம்பருத்தி, திருச்சி

எங்கள் வீட்டுப் புழக்கடைச் சுவரில், மீட்டர் பெட்டிக்கு மேலே, ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. கருப்பு உடம்பு, மஞ்சள் கால், மிக மெல்லிய இடை. வாயில் ஈரமண் உருண்டையோடு வந்து சுவரில் அப்பும்போது 'ங்ங்ஙொய்' என்று ஒரு சத்தம் போடும். கொட்ட வருகிற சத்தம் இல்லை அது. உடம்பை அதிரவைத்து, அந்த அதிர்வில் மண்ணை இளக்கிப் பூசுகிறது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டால் முழு வேலையையும் பார்க்கலாம். ஓர் அறை முடிந்ததும் சிலந்தி பிடிக்கக் கிளம்பிவிடும். கொட்டி மயக்கிய சிலந்திகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து உள்ளே திணிக்கும். அவற்றில் ஒன்றின் மேல் ஒரு முட்டை வைக்கும். அறை நிறைந்ததும் மண் மூடி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே அடுத்த அறையைத் தொடங்கும். சிலந்திகள் சாகவில்லை, அசைய முடியாமல் கிடக்கின்றன. அதனால்தான் குளவிக் குஞ்சு தின்று முடிக்கும்வரை அழுகாமல் இருக்கின்றன.

இதே வேலையைப் புழுவை வைத்துச் செய்கிற குளவியும் உண்டு. சின்னப் பானை வடிவத்தில் கூடு கட்டும். முட்டையை முதலிலேயே கூரையிலிருந்து ஓர் இழையில் தொங்கவிட்டுவிட்டு, அப்புறம்தான் புழு தேடப் போகும். எங்கள் பாட்டி, "வேட்டுவன் குளவி, புழுவை வச்சுக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே ஆக்கிடும்" என்பார். பாட்டி சொன்னதில் பாதி கண்ணால் பார்த்தது: புழு உள்ளே போனது, குளவி வெளியே வந்தது. நடுவில் நடந்ததை மண் மூடி மறைத்துவிட்டது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்த நம்பிக்கையால் எத்தனை கூடுகள் இடிபடாமல் தப்பித்தனவோ! எனக்கு அதில் ரொம்பவே சந்தோஷம்.

எழுத வந்த விஷயம் இனிமேல்தான். இந்த மாதம் அந்தக் கூட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தது. உடம்பு முழுக்கப் பச்சையும் நீலமும் மின்னுகிறது. கொஞ்சம் திரும்பினால் ஊதா. மூடிய அறை ஒன்றின் மேல் ஏறி, தடவித் தடவி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வால் நுனியை மண்ணுக்குள் இறக்கியது. குயில் குளவி, ஸ்டில்பம் சயனூரம். அது வைக்கும் முட்டையிலிருந்து வருகிற குஞ்சு, வீட்டுக்காரக் குளவியின் குஞ்சைத் தின்று வளரும். வீட்டுக்காரி வந்து பிடித்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அந்தத் தடித்த தோலில் கொடுக்கு இறங்காது. அந்த நிறம் சாயமே இல்லை, தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. இவ்வளவு அழகான ஒன்று மீட்டர் பெட்டிக்கு மேலே வந்து போயிருக்கிறது, தெருவில் யாருக்கும் தெரியாது.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே, எந்தச் செடியில், எந்த மாதம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

மாந்தோப்பு, நாகர்கோவில்

அக்கா, எங்கள் தோப்பில் முசுறு எறும்பு இல்லாத மாமரம் கிடையாது. மாங்காய் பறிக்க ஏறுகிறவர்கள் உடம்பெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறுவார்கள், அப்படியும் கடி வாங்காமல் இறங்கியவர் இல்லை. கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும், அதுதான் அந்த எரிச்சல்.

கூடு கட்டுவதை அருகில் நின்று பார்க்கவேண்டும். இரண்டு இலைகளுக்கு நடுவில் இடைவெளி அதிகம் என்றால், ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இலையை இழுக்கும். விளிம்புகள் சேர்ந்ததும் வேறு எறும்புகள் கூட்டின் குஞ்சுப் புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு வரும். பட்டு சுரப்பது அந்தப் புழுக்கள்தான். புழுவின் வாயை ஒரு விளிம்பில் தொட்டு, மறு விளிம்பில் தொட்டு, தறியில் நாடா ஓடுவதுபோல இப்படியும் அப்படியும் கொண்டுபோய் ஒட்டுகின்றன. பட்டு முழுவதையும் வீட்டுக்கே கொடுத்துவிடுவதால் அந்தப் புழுக்கள் தங்களுக்கென்று கூடு கட்டிக்கொள்வதில்லை.

அந்த வரிசையில் ஓர் 'எறும்பு' மட்டும் நின்று நின்று போவதைக் கவனித்தேன். மற்றவை ஒன்றையொன்று தொட்டுப் பேசிக்கொண்டு போகின்றன, இது யாரையும் தொடவில்லை, எதிரே எறும்பு வந்தால் விலகுகிறது. குனிந்து பார்த்தால் கால் எட்டு! முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பாகத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தாவும் சிலந்தி, மிர்மாப்லாட்டா இனம். எறும்புகளுக்கு நடுவே வாழ்ந்தால் பறவையும் குளவியும் நெருங்காது. ஆனால் எறும்பு கையில் சிக்கினால் இதன் கதை முடிந்தது, அதனால்தான் அந்த விலகல். நான் விரலை நீட்டியதும் ஓர் இழையை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. ஆண் சிலந்திக்குத் தாடை முன்னால் நீண்டு பருத்திருக்கும், பார்த்தால் ஓர் எறும்பு இன்னொன்றைச் சுமந்துபோகிறது என்றுதான் நினைப்போம்.

அதே மரத்தில் இன்னொரு வேடதாரியும் இருக்கிறது. அமைசியா என்ற நண்டுச் சிலந்தி. அதன் வயிற்றின் பின்முனையில் இரண்டு கரும்புள்ளிகள் உண்டு, எறும்பின் கண் இருக்கும் இடத்தில். பின்பக்கம்தான் முகம் என்று எறும்பு ஏமாந்து நெருங்கும், பிடித்துவிடும். பிடித்ததை வைத்துக்கொண்டு உடனே இழையில் தொங்கிவிடும், மற்ற எறும்புகள் வந்து சேர்வதற்குள். ஒன்று எறும்புக்குப் பயந்து எறும்பானது, ஒன்று எறும்பைத் தின்ன எறும்பானது. இரண்டும் கைக்கெட்டும் கிளையில் இருக்கின்றன. என் மகனுக்குக் காட்டினேன், இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் முதலில் மரத்தடிக்குத்தான் ஓடுகிறான்.

வெள்ளைத்தாள்

மாந்தோப்பு சார், முசுறை மரத்திலிருந்து ஒழிக்க மருந்து அடிப்பார்களே, உங்கள் தோப்பில் அடிப்பதில்லையா?

மாந்தோப்பு, நாகர்கோவில்

இல்லை தம்பி. இலை தின்னும் புழுக்களையும் வண்டுகளையும் அவைதான் பிடிக்கின்றன. சீனாவில் எலுமிச்சை வகைத் தோட்டங்களில் பூச்சியைக் கட்டுப்படுத்த இந்த எறும்புக் கூட்டை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டும் வழக்கம் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் முன்பே இருந்தது. ஆனால் மாவுப்பூச்சி இருந்தால் அதன் இனிப்புக்காக முசுறே அதைக் காக்கும், அந்தக் கிளையை மட்டும் வெட்டி எடுத்துவிடுவோம்.

ஆத்தங்கரை

அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்கள். நான் பிட்டுப் பார்க்கிறேன், எனக்கு அதுதான் பிடித்த வேலை. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் நாட்டு அத்தி நிற்கிறது, அடிமரத்திலேயே குலை குலையாகக் காய்க்கிற வகை. காய் என்று நாம் சொல்வது உண்மையில் உள்பக்கமாகப் பூத்த பூங்கொத்து. நுனியில் ஒரு சின்ன வாசல் இருக்கும். மிகச் சிறிய பெண் குளவி அதற்குள் நெருக்கிக்கொண்டு நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும், திரும்பி வர வழியில்லை. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களுக்குக் கொடுத்து, சில பூக்களில் முட்டை வைத்து, உள்ளேயே இறந்துபோகும். அடுத்த தலைமுறையில் ஆண்கள் முதலில் பொரியும். அவற்றுக்கு இறக்கையே கிடையாது. பெண்களோடு கூடி, அவை வெளியேறச் சுவரில் வழி தோண்டிக் கொடுத்துவிட்டு ஆண்களும் இறக்கும். பெண்கள் மகரந்தத்தை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் பறந்து வேறு அத்தி தேடும். அதற்கு இருக்கிற ஆயுளே ஓரிரு நாள்.

கையில் இருந்த பழத்திலிருந்து அவை கிளம்பிப் போனதை நான் பார்த்தேன். பிட்ட பழத்தின் ஓரத்தில் ஒவ்வொன்றாக ஏறி, கொம்பைத் துடைத்துக்கொண்டு, காற்றில் ஏறிவிட்டன. மைனாவும் குயிலும் வௌவாலும் தின்கிற அத்தனை அத்திப்பழமும் இந்தச் சிறு பூச்சியால் வருவது. இந்தக் குளவி இல்லையென்றால் இந்த அத்தியில் விதை பிடிக்காது.

செவக்காடு, சிவகங்கை

முதல் பெருமழை முடிந்த மறுநாள் காலை, செம்மண் காட்டில் வெல்வெட் போலச் சிவந்த பட்டுப்பூச்சி. சில ஊர்களில் தம்பலப்பூச்சி என்பார்கள். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவதும் இதுதான். அந்தச் சிவப்பை எந்த கேமராவும் சரியாக எடுத்துக் கொடுத்ததில்லை எனக்கு. எட்டுக் கால் என்பதால் இது பூச்சியல்ல, சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தக்காரன். பொரித்த குஞ்சுக்கு மட்டும் ஆறு கால், அந்த வயதில் வெட்டுக்கிளி மாதிரியானவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சி வாழும். வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் இருக்கும். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு கிடக்கும், கொஞ்ச நேரம் பொறுத்தால் நடக்கும். சின்ன வயதில் தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்போம். இப்போது எங்கள் காட்டில் வெகுவாகக் குறைந்துவிட்டது. களைக்கொல்லி அடிக்காத ஒரு மூலையில் மட்டும் இன்னும் வருகிறது, அந்த மூலையை நான் உழுவதில்லை.

வன்னிமண், மாங்குளம்

எங்கட பக்கத்துக் கதை ஒன்று. 2009-ல் இங்கே ஊர்ச்சனம் ஒரு செத்த ஆண் சிலந்தியை ஆராய்ச்சியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. அதைத் தொடர்ந்து தேடியதில், அதுவரைக்கும் யாரும் பதியாத இனம் என்று தெரிந்து, 2012-ல் பொசிலோதீரியா ராஜேய் என்று பெயர் வைத்தார்கள். தேடலில் கூட வந்து உதவிய ஒரு போலீஸ் அதிகாரியைக் கௌரவிக்க வைத்த பெயர் அது. கால் விரித்தால் சாப்பாட்டுத் தட்டளவு, இருபது சென்ரிமீற்றர். பழைய பெருமரங்களின் பொந்தில் வாழும். மரம் குறைந்ததால் பழைய கட்டடங்களுக்குள்ளும் வந்தது, ஆஸ்பத்திரியின் பழைய டொக்டர் குவாட்டசிலும் கண்டிருக்கிறார்கள்.

நான் கண்டது ஒரு பாலை மரத்தில், மழை விட்ட இரவு. டோர்ச் வெளிச்சம் பட்டதும் பொந்து வாசலில் அசையாமல் நின்றது. முன்னங்காலின் அடிப்பக்கத்து மஞ்சள் தெரிந்தது. அது நான் சொன்ன இனம்தானா, அதன் சொந்தமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த மஞ்சளை மறக்கமுடியாது. கூட வந்த பெடியனுக்குச் சரியான பயம், தடி எடுத்தான். "அது பொந்தை விட்டு வராது, நீ பேசாமல் நில்லு" என்று சொல்லி நிறுத்தினேன். பிறகு இரண்டு பேரும் கன நேரம் நின்று பார்த்தோம்.

இதே குடும்பத்தில் ஆந்திராவில் நீல நிறச் சிலந்தி ஒன்று உண்டு. குத்தி (Gooty) ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்ததை வைத்து 1899-ல் விவரித்தார்கள். அதற்குப் பிறகு நூறு வருடம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் திரும்பக் கண்டார்கள். இருக்கிற காடு சிறியது, அதிலும் விறகுக்கு மரம் வெட்டுகிறார்கள். உலகம் முழுக்க ஆசைக்கு வளர்க்கிறவர்கள் வைத்திருக்கும் ஒரு சிலந்திக்கு, சொந்த ஊரில் பொந்து இல்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

தேயிலைத்தூர், வால்பாறை

எங்கள் குவார்ட்டர்ஸ் திண்ணை லைட்டுக்கு மழைக்காலத்தில் அட்லஸ் அந்துப்பூச்சி வரும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற இனம், அட்டாகஸ் தப்ரோபானிஸ். இறக்கை விரித்தால் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவு. செங்கல் நிறத்தில் நான்கு கண்ணாடி ஜன்னல்கள், அவற்றில் செதிலே இல்லாததால் வெளிச்சம் ஊடுருவும். மேல் இறக்கை நுனியைத் தனியாகப் பார்த்தால் பாம்பின் தலை. வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்தே சில நாள் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு முடியும். அந்தச் சில நாளில் ஓர் இரவை லைட்டைச் சுற்றியே கழித்தால் அதற்கு இழப்பு பெரிது. விடிந்தால் பறவைகள் கொத்திவிடும். அதனால் எங்கள் வரிசை வீடுகளில் பேசி, மழை மாதங்களில் சாப்பிட்டு முடித்ததும் வெளி லைட்டை அணைத்துவிடுகிறோம்.

ராத்திரிப்பாறை, தருமபுரி

தேளை யாரும் சொல்லவில்லையே! புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொண்டு இருட்டில் பாறைக்காட்டுக்குப் போங்கள். பகலில் கண்ணுக்கே படாத தேள்கள் பச்சை நீலத்தில் ஒளிரும். மேல்தோலில் இருக்கிற சில பொருட்கள் அந்த ஒளியை வாங்கி வேறு நிறமாகத் திருப்பித் தருகின்றன. உரித்துப் போட்ட சட்டையும் ஒளிரும். அப்போதுதான் சட்டை உரித்த தேள் மட்டும் மங்கலாக இருக்கும், தோல் இறுக இறுகத்தான் ஒளி கூடும். ஒரு கல்லுக்கடியில் தாய்த்தேள் இருந்தது, முதுகு நிறைய வெள்ளைக் குஞ்சுகள். தேள் முட்டையிடாது, குட்டி போடும். முதல் சட்டை உரிக்கும்வரை குஞ்சுகள் தாய் முதுகில்தான் இருக்கும். டார்ச்சை நகர்த்தியதும் அவள் கொடுக்கை மட்டும் தூக்கினாள், குஞ்சு ஒன்றுகூட விழவில்லை.

செம்பருத்தி, திருச்சி

அண்ணா, படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. எந்த மாதிரி டார்ச் வாங்கவேண்டும்? பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

ராத்திரிப்பாறை, தருமபுரி

கள்ள நோட்டு பார்க்க விற்கிற சின்ன டார்ச்சே போதும்மா, 395 நானோமீட்டர் என்று போட்டிருக்கும். கண்ணுக்கு நேரே அடிக்கக்கூடாது. பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். மூடிய ஷூ போடவேண்டும், கல்லைக் கையால் புரட்டக்கூடாது, உட்காரும் முன் தரையில் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். பெரிய கருந்தேளைவிடச் சின்னச் செந்தேள்தான் ஆபத்து. கொட்டினால் கட்டுப் போடாமல், மந்திரிக்காமல், நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை செந்தேள் கடிக்கு உயிர்காக்கும் என்று மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் காட்டியபின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், தேள்கள் அன்றைக்கு அதிகம் வெளியே வரும். பாறை இடுக்கைவிட மண்கரையில் நிறையக் கிடைக்கும், பழைய செங்கல் சுவர் இருந்தால் அதையும் விடாதீர்கள்.